கழுகு வராத பக்கம்

சாரதாமணி புத்தகம் படிப்பதே எழுதியவரோடு சண்டை போடத்தான் என்று எங்கள் டேபிளில் ஒரு பேச்சு உண்டு. அதில் பொய் இல்லை.

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த அந்த பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் அவளுக்கு எதிர் ஸ்டூல் என்னுடையது. தைத்து வரும் டீ-சர்ட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் பிரித்துச் சரிசெய்ய ஆல்டருக்குத் திரும்பும். ஒட்டாதது பாஸ், நேராக அயர்னுக்குப் போய்விடும். சாரதாமணி பாஸ் பண்ணிய பீஸை யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு பேர் வாங்கி வைத்திருந்தாள்.

ஊத்துக்குளிப் பக்கம் பிறந்து, பத்தாவதோடு நின்று, பல்லடத்தில் கோழி வண்டி ஓட்டும் செங்கோட்டையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். மகள் தேவிப்பிரியா படிக்கட்டும் என்று ராபினின் வாடகை நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் போனாள். சிறகு முளைத்த குதிரை, பேசும் வாள், மீசை முளைப்பதற்குள் உலகத்தைக் காப்பாற்றிவிடும் பையன் என்று இளவட்டங்களுக்காக எழுதி, தமிழிலும் பெயர்த்துப் போட்டிருந்த மாயாஜால நாவல். மகள் நாலு பக்கம் புரட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது. அது ரெண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன். ராபின் கடையில் இருந்த அந்த வகைப் புத்தகம் அத்தனையையும் அவள் அந்த வருஷம் படித்தாள், அத்தனையையும் திட்டினாள்.

ராபின் நாசரேத்துக்காரர். புத்தகம் திரும்பி வந்ததும் பிரித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார். எழுதியவர் தப்புப் பண்ணியதாக அவளுக்குப் பட்ட இடத்தில் எல்லாம் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கும்.

“ஏக்கா, இது பொஸ்தகம். பனியன்னு நெனச்சியளோ?” என்பார்.

“தப்பு இருந்தா ஒட்டித்தானுங்க ஆகோணும்,” என்பாள் இவள்.

அவள் சொல்லும் குறைகளும் லேசுப்பட்டவை அல்ல. ராஜகுமாரன் மழையில் மாதக்கணக்காகக் குதிரை ஓட்டுகிறானே, அவன் மேலங்கியில் ஒரு தையல்கூடப் பிரியாதா என்று கேட்பாள். அத்தனை பெரிய சேனைக்குத் துணி தைத்தவர்கள் ஒரு பக்கத்தில்கூட வரவில்லையே என்பதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம். இவன்தான் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே ஏட்டில் எழுதியிருந்தால் படிக்கிற நமக்கு அப்புறம் என்ன வேலை என்பாள். நண்பனைச் சாகடித்து நாயகனை அழவைப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம் என்பாள். தாடிக் கிழவர்கள் மேல் இருந்த கோபம் தனி.

“எல்லாப் பொஸ்தகத்துலயும் பெரியவங்க என்ன பண்றாங்கன்னு பாரு கமலா. ஒண்ணு செத்துப் போயிருக்காங்க, இல்லீனா புத்தி சொல்லிட்டு நிக்கறாங்க. ஒருத்தராச்சும் எந்திரிச்சுப் போயி ஒரு கதவத் தெறந்து உடறாங்களா? எல்லாத்தையும் அந்தப் பச்சப் புள்ளைகளேதான் பண்ணோணும்.”

மாமியார் மருமகள் சண்டை இல்லாத நாவலை நான் கையால் தொடமாட்டேன். ஆனாலும் இவள் சொன்னால் காது தானாகத் திரும்பிவிடும்.

எங்கள் சூப்பர்வைசர் தங்கதுரைக்கு அது தெரியும். டேபிளில் ஊர்ப்பேச்சு பேசினால் வள்ளென்று விழுவார். சாரதாமணி கதை சொன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார், கதை ஓடினால் எங்கள் கைகளும் ஓடுவதைக் கண்டுபிடித்திருந்தார். நாளடைவில் அவரே டேபிளைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்க ஆரம்பித்தார். விட்டுப்போன இடத்தை நாங்கள் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார்.

அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்தது ‘மேகம் நூற்கும் கோட்டை’. ஒரு ராணி ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளைப் பிடித்து வந்து உயரமான கோட்டையில் அடைத்து, மேகத்தை நூலாக நூற்க வைக்கிறாள். இரீனா என்கிற தாயில்லாப் பெண் ஒரு நாள் ஜன்னலிலிருந்து குதிக்கிறாள். கீழே தினமும் வட்டமிடுகிற பெரிய கழுகு அவளை முதுகில் தாங்கிக்கொண்டு பறந்துவிடுகிறது. அப்படித்தான் சாரதாமணி எங்களுக்குச் சொன்னாள். சொல்லி முடித்தபோது டேபிளே கை தட்டியது. மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த ஜோதிகாதான் அதிக நேரம் தட்டினாள்.

புத்தகத்தில் அப்படி இல்லை. அன்று நால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் அந்தப் பக்கத்தைப் பிரித்து எனக்குக் காட்டினாள். கழுகு அன்றைக்கு வரவில்லை. இரீனா பாறையில் விழுந்து இரண்டு காலும் நொறுங்கிப் போகிறாள்.

“ஒரு பொம்பளப் புள்ள துணிஞ்சு குதிச்சா அவ கால ஒடச்சே தீருவானாமா? எனக்கு மனசு ஒப்புல. ஆல்டர் பண்ணிட்டேன்,” என்றாள். அந்த வரியின் மேல் அம்பு ஒட்டியிருந்தது. எனக்கும் அவள் செய்தது நியாயமாகத்தான் பட்டது.

ஜோதிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள், பதினெட்டு முடிந்த பெண். கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஹாஸ்டலில் மற்ற பெண்களோடு தங்கியிருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் வார்டன் வந்து வரிசையாகக் கூட்டிப்போய்விடுவாள். வீட்டிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள். அவளுக்கு வீடு என்று இருந்தது அம்மா ஒருத்திதான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி, அம்மா காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், உடனே வா என்றிருக்கிறார். வார்டனோ, யாராவது வந்து கையெழுத்துப் போடட்டும் என்றாளாம். கையெழுத்துப் போட வேண்டியவளே படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்றால் எங்கே போவது? ஷிப்மெண்ட் நேரத்தில் லீவுப் பேச்சை எடுக்காதே என்று ஆபீசிலும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஜோதிகா சாரதாமணியை ஒட்டி நின்றாள். நான் அடுத்த குழாயில் இருந்தேன்.

“எக்கா, அந்தக் கோட்ட ஜன்னலு எம்புட்டு ஒயரம்? எங்க ஹாஸ்டல் மாடி பாத்ரூம் ஜன்னல் அம்புட்டு இருக்குமா?”

“எதுக்குக் கண்ணு?”

“அதுக்கும் கம்பி கெடையாது. நேர கீழதான் வேஸ்ட்டு மூட்டைய அடுக்கி வச்சிருக்காக. மெத்துன்னு இருக்கும்லக்கா?”

அதற்குள் வார்டன் குரல் கொடுத்தாள். ஜோதிகா போகிற போக்கில் “இன்னைக்கு இருட்டுனதும் வாட்ச்மேன் டீக்குப் போயிருவாரு” என்று மட்டும் முணுமுணுத்தாள். சாரதாமணி ஈரக் கையோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

டேபிளுக்கு வந்து உட்கார்ந்ததும் அவள் என்னிடம் கண்ணால் ஜன்னலைக் காட்டினாள். பின்னால் ஹாஸ்டல் சுவரை ஒட்டி ஒரு லாரி நின்றது. கட்டிங்கில் விழுந்த துணித்துண்டு மூட்டைகளை ஆட்கள் ஒவ்வொன்றாக மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். மாடி பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே இருந்த குவியல் எங்கள் கண்ணெதிரே கரைந்து போனது. மூட்டைகள் எடுபட்ட இடத்தில் தெரிந்தது சிமெண்ட் தளமும் உடைந்த கருங்கல் துண்டுகளும்தான்.

ஜோதிகாவுக்கு முதுகுப் பக்கம் ஜன்னல். அவள் தலை நிமிராமல் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி ஷிப்ட் முடியும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. மறுநாள் சரக்கு வாங்கும் பையரின் இன்ஸ்பெக்ஷன் என்பதால் டீகூட டேபிளுக்கே வந்தது. முடிந்த கையோடு வார்டன் கூட்டிப்போய்விடுவாள். தங்கதுரை எங்கள் தலைக்கு மேலேயே நின்றார். ஜோதிகா பக்கம் போய் ஒரு வார்த்தை பேசினால் அவர் காதில் விழும், அவர் மேலே சொன்னால் ஜன்னலுக்குக் கம்பி போட்டுவிடுவார்கள், அந்தப் பெண் அம்மா முகத்தைப் பார்க்கவே முடியாது. பேசாமல் விட்டால் குதித்துவிடுவாள்.

“கதை ஒண்ணும் இல்லீங்களாக்கா இன்னைக்கு?” என்று தங்கதுரையே எடுத்துக் கொடுத்தார்.

சாரதாமணி நூல் வெட்டும் டிரிம்மரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“இருக்குதுங்க. போன தடவ நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்குது. இரீனா குதிச்சப்போ கழுகு வரலீங்க.”

ஜோதிகாவின் கை நின்றது. “வந்துச்சுன்னுதானக்கா சொன்னீக?”

“நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன் கண்ணு. அது எப்பவும் இருக்கற எடத்துல அன்னைக்கு இல்ல. மத்தியானமே போயிருச்சு. கீழ வெறும் பாறை. ரெண்டு காலும் போச்சு அவளுக்கு.”

“நீங்க பாஸ் பண்ணுன கதக்கா அது,” என்றாள் ஜோதிகா. “நீங்க பாஸ் பண்ணுனா சரியாத்தான் இருக்கும்னு இருந்தேன்.”

சாரதாமணியின் முகம் கறுத்துப்போயிற்று. “தப்பாப் பாஸ் பண்ணிட்டேன். அதனாலதான் இப்பச் சொல்றேன். வேணும்னா திரும்பிப் பாத்துக்க.”

ஜோதிகா மெல்லத் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். லாரியின் பின்கதவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பியபோது அவள் உதடு வெளுத்திருந்தது. ஆனால் அவள் அடங்கவில்லை.

“அப்ப அவ என்னதான்க்கா செய்வா? அவ அம்மா அங்க ஆசுபத்திரியில கெடக்காகளே.”

தங்கதுரை நின்றார். “அவளுக்குத்தான் அம்மாவே இல்லைன்னு சொன்னீங்களே?”

என் வாய் எப்படித் திறந்ததோ தெரியாது. “அது ரெண்டாம் பாகத்துல வருதுங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஜோதிகாவைப் பார்த்தார். ஜன்னல் பக்கமும் ஒரு முறை பார்த்தார். பிறகு பீஸ் கட்டு ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார்.

“அந்தக் கோட்டையில அம்புட்டுப் பேரு இருந்தாகளே,” என்றாள் ஜோதிகா. இப்போது அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. “கதவத் தெறந்துவிட ஒரு பெரிய மனுசிகூடவா இல்ல?”

ஊரில் உள்ள எழுத்தாளர்களை எல்லாம் இதே கேள்வியைக் கேட்டுத் திட்டிய சாரதாமணி, கையில் இருந்த டீ-சர்ட்டை மடிக்கவும் தெரியாமல் விரிக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு கதை இல்லை. ஷிப்ட் முடியும்வரை டிரிம்மர் சத்தம் மட்டும்தான்.

பெல் அடித்ததும் ஹாஸ்டல் பெண்கள் பின்வாசலுக்கு வரிசை கட்டினார்கள். சாரதாமணி நேரே போய் ஜோதிகாவின் கையைப் பிடித்தாள். மறைக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்க முன்கேட்டுக்கு நடந்தாள். வார்டன் “ஏய், எங்க போற?” என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். நானும் கூட நடந்தேன்.

கேட்டில் காவலுக்கு நின்ற மணியன் கையை நீட்டித் தடுத்தார். “ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு இந்தப் பக்கம் இல்லீங்களே.”

“ஆஸ்பத்திரில இவ அம்மா கெடக்கறாங்க. ஊருக்குப் போகோணும். நாங் கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி உடறேன்.”

“கையெழுத்து வேணுமுங்க.”

“நாம் போடறேன்.”

“நீங்க அந்தப் புள்ளைக்கு என்ன ஆகோணும்?”

சாரதாமணி ஜோதிகாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லியிருந்தாலும் மணியன் நம்பியிருக்க மாட்டார். வார்டன் வந்து ஜோதிகாவின் இன்னொரு கையைப் பிடித்துவிட்டாள்.

அப்போதுதான் தங்கதுரை வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“ஏனுங்க்கா, ரெண்டாம் பாகத்துல அந்தம்மாவுக்கு ரொம்ப முடியலீங்களா?” என்றார்.

“ஆமாங்க,” என்றாள் சாரதாமணி.

அவர் வார்டனிடம், “கைய உடுங்க,” என்றார். மணியனிடம், “கேட்டத் தெறங்க. யாராச்சும் கேட்டா எம் பேரச் சொல்லுங்க,” என்றார்.

“எம் பேரையும் சொல்லுங்க,” என்றாள் சாரதாமணி.

ஜோதிகாவை அருப்புக்கோட்டைக்குப் போகும் ஓர் அம்மாளின் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பஸ் கிளம்பும்வரை நின்றுவிட்டுத்தான் சாரதாமணி வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவளை டேபிளுக்கு விடவில்லை, கேட்டிலேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். தங்கதுரையைப் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். ஜோதிகா, சாரதாமணி கொடுத்திருந்த ராபின் கடை போன் நம்பருக்குக் கூப்பிட்டு, அம்மா கண் திறந்து தன்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்று சொன்னாளாம். அதை ராபின் சொன்னபோது நான் கடை வாசலிலேயே அழுதேன்.

சாரதாமணி பல்லடம் ரோட்டில் வேறு கம்பெனியில் சேர்வதற்கு முன் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். ராபின் அதைப் பிரித்து என்னிடம் காட்டினார். கழுகு வராத பக்கத்தில் இருந்த அம்பு உரிக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. எங்களுக்குக் கதை சொன்னபோது அவள் விட்டுவிட்ட இடம் அது. இரீனா கீழே விழுந்து கிடக்கிறாள். கோட்டையைப் பெருக்குகிற கிழவி ஒருத்தி மேலே ஜன்னலில் நின்று பார்த்துத் தேம்பித் தேம்பி அழுகிறாள். அம்பின் முனை அந்தக் கிழவியின் இடுப்பில் தொங்குகிற சாவிக் கொத்தில் இருந்தது.