பன்னிரண்டு குருவிகளும் ஒரு ஜன்னலும்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் சொல்லிவிடுவேன். ஐந்தாவது வார்த்தைக்கு என்னிடம் சரக்கு இல்லை. விடிவதற்கு முன் எழுந்துவிடுவாள். பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்ப்பாள். அக்கம்பக்கத்தில் போய் வம்பு பேச மாட்டாள். அழ மாட்டாள். அவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் வேறு ரகம்.

அவள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. மனசுக்குள் நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பீச்சாங்கை. எழுதுவது, வெட்டுவது, அள்ளுவது, கதவைச் சாத்துவது எல்லாம் இடதுகைதான். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ரிப்பனால் கட்டிவைத்து எழுதச் சொன்னார்களாம். இவள் வலதுகையால் ஓர் எழுத்துகூடப் போடாமல் இரண்டு வருஷம் வெற்றுத்தாளாகவே கொடுத்திருக்கிறாள். மூன்றாம் வருஷம் டீச்சரே அலுத்துப்போய் ரிப்பனை அவிழ்த்துவிட்டாராம். இதை அவள் புருஷன் என்னவோ பதக்கம் வாங்கிய கதை மாதிரி சொல்வார். ஏழு வயசிலேயே இவள் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி என்பதற்கு அது அத்தாட்சி, வேறென்ன?

எட்டு மாடி அரசாங்கக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மர ஸ்டூல், அதே பொத்தான்கள். பொத்தானை அமுக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் மடியில் நூற்கண்டும் கையில் குரோஷா ஊசியுமாக உட்கார்ந்திருப்பாள். எட்டாம் மாடி டைப்பிஸ்ட் ஒருத்திதான் தினமும் ஏறி இறங்குகிற நேரத்தில் எதிரே நின்று சொல்லிக்கொடுத்தவள். டைப்பிஸ்ட் வலதுகைக்காரி. எதிரெதிரே இருந்ததால் அவள் வலதுகை செய்ததை இவள் இடதுகை கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே செய்துவிட்டது. ஒருநாளைக்கு நாலு நிமிஷப் பாடம், ஒன்றரை வருஷம். வேறு யாராக இருந்தாலும் விட்டுத் தொலைத்திருப்பார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களாக ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள். என் பிறந்த வீட்டு ஆட்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அவள் பரிமாறினாள். கரண்டி இடதுகையில். என் பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். உடனே நான், "அக்கா, பீச்சாங்கையால போடாதீங்க, கரண்டியை என்கிட்ட குடுங்க" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அவள் கரண்டியை என் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள். உள்ளே போய் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டாள். அன்றோடு சரி.

அதற்கப்புறம் அவளுக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரிடம் சொல்வாள். "தண்ணி நின்னுபோச்சு" என்று சுவருக்குத் தகவல் போகும். நானும் சளைத்தவள் இல்லை, "மேல தொட்டி நிரம்பித்தான் கெடக்கு" என்று ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பதில் சொல்வேன். ஒருமுறை ஒரு சான்றிதழுக்காக அவள் வேலை செய்யும் கட்டடத்துக்கே போக வேண்டி வந்தது. லிஃப்டில் ஏறினேன். என்னை முன்பின் பார்த்திராதவள் மாதிரி, "எத்தனாவது மாடி?" என்றாள். "ஆறு" என்றேன். எட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து காற்று வாங்கவிட்டு, கீழே இறக்கி, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் ஆறில் விட்டாள். வழியெல்லாம் மடியிலிருந்த பின்னலில் கண்ணிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். அந்த மூன்று சொற்களை நான் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வருஷம்தான் விவகாரம் முற்றியது. வீடு எங்கள் நாத்தனார் பெயரில் இருக்கிறது; நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம். கடல் தாண்டிப் போனவள் முன்னறையைப் பூட்டிச் சாவியையும் கையோடு கொண்டுபோயிருந்தாள். தெருவைப் பார்த்த அறை. ஒரே ஒரு ஜன்னல், ஆனால் ஆள் உயரத்துக்கு. நான் தையல்காரி. என் மெஷின் கிடப்பது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில். பகலிலும் விளக்கு போட்டுத்தான் தைக்க வேண்டும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஈரத்துண்டோடு போகிற என் மூத்தாரை, அதாவது ஓரகத்தி புருஷனைப் பார்த்துவிட்டு மறுமுறை வருவதில்லை. அந்த முன்னறை கிடைத்தால் நான் மனுஷி மாதிரி வேலை செய்வேன். அதே அறையைத்தான் அவளும் கேட்டிருக்கிறாள். கட்டடத்தில் தானியங்கி லிஃப்ட் வைக்கிறார்கள், அவள் ஸ்டூலுக்கு வேலை இல்லை. அந்த அறையில் குரோஷா வகுப்பு நடத்தப்போகிறாளாம்.

நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"வசந்த லீவுக்கு நாங்க வர்றோம். அவரோட ஆபீஸ்காரங்களும் வர்றாங்க, என்னை விட்டுட்டு மொத்தம் பன்னெண்டு பேரு. ஒவ்வொரு தட்டு முன்னாடியும் ஒரு குட்டிக் குருவி வைக்கணும்டி, குரோஷாவுல போட்டது. இங்க எல்லாரு மேஜையிலயும் வைக்கிறாங்க, அவ்ளோ அழகா இருக்கு. ஆளுக்கு ஆறு போடுங்க. முன்னறை விஷயத்தை அன்னிக்கு நேர்ல பேசிக்கலாம்."

நேரில் பேசுவதாவது! யார் குருவி நன்றாக இருக்கிறதோ அவளுக்கு அறை என்று அதற்கு அர்த்தம். நாத்தனாரை எனக்குத் தெரியாதா?

எனக்குக் குரோஷா அறவே தெரியாது என்று நினைக்காதீர்கள். கைக்குட்டைக்கு ஓரம் போடுவேன், தட்டு விரிப்பு போடுவேன். ஆனால் எல்லாம் தட்டையாக. உருண்டையாகப் பின்னி, பஞ்சு அடைத்து, அலகும் வாலும் வைக்கிற வித்தை கைவரவில்லை. மூன்று நாள் முயன்றேன். முதலாவது உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. இரண்டாவது அதைவிட மோசம், கால் முளைத்த உருளைக்கிழங்கு.

அவளோ லிஃப்டிலேயே எல்லாவற்றையும் முடித்துக் கொண்டுவந்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். குருவியைக் கண்ணில் காட்டவில்லை. ஆனால் பின்னல் கணக்கு எழுதிய நோட்டு அவள் வேலைப் பையில் இருந்தது. அவள் குளிக்கப் போனால் பன்னிரண்டு நிமிஷம். என் மெஷின் குளியலறை வாசலில் கிடப்பதால் அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. நோட்டை எடுத்தேன், மூன்று பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்தேன், இருந்த இடத்தில் வைத்தேன். ஆமாம், திருடினேன். ஜன்னலுக்காகத் திருடினேன். நடையில் உட்கார்ந்து பதினாலு வருஷம் தைத்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் நியாயம் பேசுங்கள்.

நோட்டில் படம் எதுவும் இல்லை, கோழி கிளறின மாதிரி எழுத்து மட்டும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு சுற்றும் துல்லியம். ஆறு கண்ணியில் வட்டம் தொடங்கு. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு. பதினோராம் சுற்றில் நாலாவது கண்ணியிலிருந்து ஒன்பதாவது வரை மட்டும் கூட்டு, அந்தப் பக்கம் தோள் புடைக்கும். பதினைந்தில் அதற்கு எதிர்ப்பக்கம் குறை, தலை திரும்பும். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அடை, ஒரேயடியாகத் திணித்தால் கழுத்து வீங்கும். நான் எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தேன். வந்தது பாருங்கள் ஒரு குருவி! உள்ளங்கையில் அடங்கி, தலையை ஒருக்களித்து, இப்போதுதான் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் கடுவன்மூஞ்சிக்குள்ளிருந்தா இப்படி ஒன்று வந்தது என்று தாங்கவில்லை. ஆறையும் முடித்தேன்.

விருந்து நாள் வந்தது. கூடத்தில் இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்தோம். இந்தப் பக்கம் ஆறு தட்டு, அந்தப் பக்கம் ஆறு தட்டு, தலைப்பக்கம் நாத்தனாருக்கு நாற்காலி. நான் என் ஆறு குருவிகளை என் பக்கத் தட்டுகளுக்கு முன்னால், உட்காருகிறவரைப் பார்க்கும்படி வைத்தேன். அவள் அலமாரியைத் திறந்து தன்னுடையதைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கம் அதே மாதிரி வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தவள் என் வரிசையைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் குருவிகள் வலதுதோள் பக்கம் தலையைத் திருப்பியிருந்தன. என்னுடையவை இடதுதோள் பக்கம். ஏன் என்று புரிய எனக்கு அரை நிமிஷம் ஆனது. அவள் இடதுகையால் பின்னினால் சுற்று ஒரு திசையில் போகும். அதே எண்ணிக்கையை நான் வலதுகையால் பின்னினால் எதிர்த்திசையில் போகும். நாலாவது கண்ணி அவளுக்கு ஒரு தோள், எனக்கு மறுதோள். எழுத்துக்கு எழுத்து திருடியதால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம்வலம் மாறி வந்திருந்தது. அவள் என் குருவி ஒன்றை எடுத்து, புரட்டி, வட்டத்தின் நடுவிலிருந்து பெருவிரலால் சுற்றுச் சுற்றாகத் தடவி எண்ணினாள். பதினொன்றில் விரல் நின்றது.

ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "என் நோட்டைத் திருடிட்டா" என்றால் ஜன்னல் அவளுடையது. அதற்குள் நாத்தனார் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். தன் நாற்காலிக்குப் பின்னால் நின்று மேஜையைப் பார்த்தவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

எதிரெதிர் வரிசை இல்லையா? இந்தப் பக்கம் இடது என்றால் அந்தப் பக்கத்துக்கு அது வலது. பன்னிரண்டு குருவியும் ஒன்றுபோலத் தலையைத் திருப்பி நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அடிப்பாவிங்களா!" என்றாள். கண்ணில் தண்ணீர். "ரெண்டு பேரும் பேசிவச்சுத்தானே செஞ்சீங்க? நான் வந்து நிக்கிற எடத்தை எல்லாம் பாக்குற மாதிரி! எப்படி இது பேசாம வரும்? ஒம்போது வருஷமா மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு தம்பி சொன்னான், எல்லாம் பொய்யா? யாரோட யோசனைடி இது?"

என் ஓரகத்தி குருவியை அதன் இடத்தில் வைத்து, அலகை நேராக்கினாள்.

"நோட்டுல எழுதினது நான், அண்ணி. அதைப் பாத்துப் போட்டது அவ" என்றாள்.

அப்பட்டமான உண்மை. சபையில், என் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஒருவர் காதிலும் அது திருட்டாக விழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

நாத்தனார் அங்கேயே தீர்ப்பு சொன்னாள். முன்னறை இரண்டு பேருக்கும். ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் நூல். "இனிமே உங்களைப் பிரிக்கிற பாவம் எனக்கு வேணாம்" என்றாள்.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் மெஷினை முன்னறைக்கு நகர்த்தினேன். அவளும் தன் ஸ்டூலைக் கொண்டுவந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி உட்காரலாம் என்று எப்படியெல்லாமோ போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. வலதுகைக்காரிக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் கை நிழல் ஊசிமேல் விழும். இடதுகைக்காரிக்கு அது நேர்மாறு. முதுகோடு முதுகாக உட்கார்ந்தால் ஜன்னல் இரண்டு பேருக்கும் பின்னால் போய், உடம்பு நிழல் வேலைமேல் விழும். இருப்பது ஒரு ஜன்னல். இரண்டு பேருக்கும் வெளிச்சம் வேண்டுமானால் ஜன்னலை நடுவில் விட்டு எதிரும் புதிருமாகத்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம். முழங்காலுக்கு முழங்கால் ஒரு முழம்கூட இல்லை.

ஒரு பாவாடைக்கு மடிப்பு தைத்து முடிக்கும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஏன் அண்ணிகிட்ட சொல்லல?" என்றேன்.

அவள் கண்ணியை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா ரூம் எனக்கு வந்திருக்கும். நீ பழையபடி பாத்ரூம் வாசல்ல உக்காந்துக்கிட்டு, நான்தான் உன் பொழப்பைக் கெடுத்தேன்னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லி அழுதிருப்ப. எல்லாரும் உன்னைப் பாத்துப் பாவம்னுவாங்க. அந்தச் சுகம் உனக்கு எதுக்கு? இப்ப நீ தினமும் தலையைத் தூக்கினா என் கையைத்தான் பாக்கணும். பாரு."

சொல்லிவிட்டு இடதுகையில் ஊசியைத் திருப்பிப் பிடித்து அடுத்த சுற்றைத் தொடங்கினாள். மெஷினை மறுபக்கம் திருப்பிப் போட்டால் அவள் என் கண்ணில் படமாட்டாள். அன்று சாயங்காலமே திருப்பிப் போட்டேன். ஊசிமேல் என் கை நிழல்தான் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடியும் பழையபடியே திருப்பி வைத்தேன்.