பிக்கட்டியின் நிறுவனர்

வசந்தகுமாரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், சட்டையை வெள்ளையாக வைத்திருப்பார். அவ்வளவுதான். காரமடையிலிருந்து நீலகிரி மலையிலுள்ள பிக்கட்டிக்குப் பிழைக்க வந்த குடும்பம். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜெண்ட். தொண்ணூற்றொன்பதில் இலை விலை சரிந்ததும் முதல் ஆளாக ஷெட்டைப் பூட்டினார். அதன்பின் பேக்கரி வாசலில் நின்று அரசாங்கத்தைத் திட்டுவதே அவர் தொழில். கூட நின்று தலையாட்டுவது எங்கள் தொழில்.

அந்த ஷெட்டைக் கேட்டு ஒருநாள் பேச்சியம்மா வந்தார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். எஸ்டேட்டில் ஆள் குறைத்தபோது வேலையை இழந்தவர். எட்டாவது வரை படித்திருந்ததால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எஸ்டேட் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். மழைக்கு ஒதுங்கி எழுத ஓர் இடம் வேண்டும் என்றார்.

"கேட்டீங்களா, கொழுந்து கிள்ளறவளுக்கு ஆபீஸ் வேணுமாமா!" என்றார் வசந்தகுமார். நாங்கள் சிரித்தோம்.

அவர் மனைவி சசிரேகாதான், எலி குடியிருப்பதற்கு மனுஷர் இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தார்.

ஒரு பெஞ்சில் தொடங்கியது. ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் என்று ஊட்டிக்கு அலைந்து சலித்தவர்கள் வந்தார்கள். பேப்பர் வந்தது, யாரோ தையல் மெஷின் கொண்டுவந்து போட்டார்கள். படுகர் விவசாயிகள் மண் பரிசோதனைத் தாளை எடுத்து வந்து விவரம் கேட்டார்கள். மூன்றாம் வருடம் ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் கொடுத்தது.

கம்ப்யூட்டர் வந்த அன்றே வசந்தகுமாரும் வந்தார். மையத்தின் தலைவர் என்று தானே மாலை போட்டுக்கொண்டார். "விலை விழுந்தப்ப ஜனங்களப் பத்தி யோசிச்சது நான் ஒருத்தன்தானுங்க" என்று மைக்கில் பேசினார். கை தட்டினோம். பேச்சியம்மா எங்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கம்ப்யூட்டருக்கு உறை போட்டுப் பூட்டினார் தலைவர். "இனி நீங்க கூட்டிப் பெருக்கினாப் போதும்" என்றார்.

"அது ஏலாதுங்க. நான் மனு எழுத வந்தவ" என்று பேச்சியம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் வேலாயியின் டீக்கடைக்குப் போனார். கூட்டம் பின்னாலேயே போயிற்று. வசந்தகுமார் காலி நாற்காலிகளுக்குத் தலைமை தாங்கினார்.

ஆறு மாதம் கழித்துத் தொண்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்தார். "முதியோர் பென்ஷனுக்கு என்னென்ன இணைக்கணும்?" என்று வசந்தகுமாரிடம் கேட்டார்.

"அதெல்லாம் ஸ்டாஃப் பாத்துக்குவாங்கம்மா."

"ஸ்டாஃப் எங்கே?"

வசந்தகுமார் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். வாசலில் நின்ற வேலாயிதான், "எங்கடையிலதானுங்க, வாங்க" என்று அந்த அம்மாளைக் கூட்டிப்போனார். அந்த வாரமே கம்ப்யூட்டர் டீக்கடையின் பின்னறைக்கு மாறியது. வசந்தகுமாருக்காக நாங்கள் வாய் திறக்கவில்லை. பேச்சியம்மாவுக்காகவும் அதுவரை திறந்ததில்லை.

இப்போது மையத்துக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. பக்கத்து ஊரான எமரால்டிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். வசந்தகுமார் மகள் ஸ்வேதாவின் கல்யாணப் பத்திரிகையில், அவர் பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று அச்சிட்டிருந்தது. பேச்சியம்மாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அவர் போயிருக்க முடியாது. கல்யாணத்தன்று மனு எழுத நல்ல கூட்டம்.