மோட்டாருக்குத்தான் முதல் லைன்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்தது. திருச்சுழி ரோட்டோரம் கம்பங்கள் இறங்கிக் கிடந்தன. அந்த வருசத்துக்கு ஒரே ஒரு லைன்தான் என்று சொல்லிவிட்டார்கள். அது எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கா, தெற்குத் தெருவுக்கா என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. மாடு கட்டிக் கமலை இறைத்து அலுத்துப்போன அப்பா மனுப் போட்டிருந்தார். தெருக்காரர்களும் போட்டிருந்தார்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு மின்வாரிய அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நாங்களே ஒரு நாடகம் எழுதினோம். பெரியவர்கள் போடும் மனுவில் எங்கள் பேச்சுக்கு இடமேது? சிம்னி விளக்குப் புகையில் படித்துக் கண் எரிகிற தெற்குத் தெருச் சிநேகிதி, மாணவியாகவே நடித்தாள். தோட்டக்காரர் வேடம் எனக்கு. ஆம்பளை வேடம் போடுகிறவள் அவளவள் வீட்டுத் துண்டைக் கொண்டுவருவது எங்கள் பள்ளி வழக்கம். நான் அப்பாவின் சிவப்புக்கரைத் துண்டை எடுத்துப் போனேன். புத்தி அங்கேதான் பிசகியது.

துண்டைத் தோளில் போட்டதும் அப்பாவின் குரல் தானாக வந்துவிட்டது.

"மோட்டாருக்குத்தேன் மொத லைனு. பிள்ளைக பகல்ல படிச்சா ஆகாதாக்கும்?"

கூட்டம் ஆளைக் கண்டுகொண்டு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இன்னொரு தடவை சொன்னேன். விருந்தாளிக்கு மாலை போடும் முறை எங்கள் வீட்டுக்கு உரியது. அப்பா முன்வரிசையில் மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் எழுந்து போட்டார். போட்ட கையோடு வெளியே நடந்தார்.

"பிள்ளைக கேக்கறதுல நியாயம் இருக்கு" என்றார் அதிகாரி. லைன் தெருவுக்குப் போனது. பல்பு எரிந்த அன்று சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் மிளகாய்ச் செடிகள் பாதி கருகிப்போயின. அப்பா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். நான் எதிரே நிற்கும்போதே அம்மாவிடம், "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார். அடுத்த வருசம் எங்களுக்கும் மோட்டார் வந்தது. பேச்சு வரவில்லை. நாடகத்தில் கேட்டது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்தத் துண்டை எடுத்ததுதான் தப்பு.

ஆசிரியப் பயிற்சிக்கு நான் புறப்பட்ட அன்று, அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார். அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். பஸ் வந்ததும் கண்டக்டரிடம் சொன்னார்.

"பிள்ளைய அருப்புக்கோட்டையில பாத்து எறக்கி விடுங்க. தனியாப் போகுது."