எத்தனை கோர் சார்?

கம்ப்யூட்டர் கடை கவுண்டரில் நிற்பவனுக்கு, தனக்குத் தெரிந்ததைச் சொல்வதைப் போல ஆபத்து வேறில்லை. நீங்களும் நின்றிருந்தால் தலையாட்டுவீர்கள். கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை பார்க்கிற ஆள் மாதிரி. எத்தனை ஆள் என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்படிப்பட்ட ஆள் என்றும் பார்க்க வேண்டும். இதைப் புரியவைக்கப் போய்த்தான் முத்தியால்பேட்டையில் என் உயிர் போகிறது.

பத்தா, ஆறா?

மில் மூடியபின் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், கட்டட வரைபடம் படிக்கும் மகளோடு லேப்டாப் வாங்க வந்தார்.

"இந்த ஆறு கோர் எடுங்கண்ணே. ஆறும் பெருசு. அந்தப் பத்துல ரெண்டுதான் பெருசு, மத்த எட்டும் கரண்ட் மிச்சம் பிடிக்கிற சின்னது. பாப்பா வரையற படத்தைப் பெருசுதான் இழுக்கும்" என்றேன். "அவரு சொல்றது சரிப்பா" என்று மகள் அவர் சட்டையை இழுத்தாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வெலதானே? பத்து குடுக்க வேண்டிய எடத்துல ஆறைத் தள்ளிவிடப் பாக்குறியா தம்பி?"

கேர்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், பாரீஸில் இருக்கும் மகள் அனுப்பிய குறிப்பை நீட்டினார். பிரெஞ்சில் கோரை 'கேர்' என்கிறார்கள். இதயத்துக்கும் அதே சொல்தானாம். எட்டு கேர் வாங்கச் சொல்லியிருந்தாள்.

"என்ன வேலைக்கு மிசியே?" என்று அவருக்குப் பழகிய பிரெஞ்சு மரியாதையிலேயே கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மககூட வீடியோவுல பேச."

"அதுக்கு நாலே போதும்."

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "அவ அம்மா போனதுலேர்ந்து எனக்கு இருக்கிற ஒண்ணே சரியா ஓடல. இது நாலு வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போவுது?"

கல்யாண வீடியோ

அரியாங்குப்பத்து வீடியோக்காரரிடம், நீள வீடியோவை முடித்து எடுக்க நிறைய கோர் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நண்பன் பேச்சைக் கேட்டு, கேம் ஆட ஏற்றது என்று குறைந்த கோர் உள்ளதை வாங்கிப் போனார். முகூர்த்த மாதத்தில் வேலை தேங்கிவிட்டது. சொன்ன நாளில் வீடியோ கொடுக்க முடியவில்லை. பெண் வீட்டார் அவர் வாசலில் வந்து கத்தினார்கள். அந்தச் சொந்தத்தில் பேசி வைத்திருந்த அடுத்த கல்யாண வீடியோ ஆர்டரும் கைவிட்டுப் போயிற்று.

கடைக்கு வந்து என் எதிரே நின்றார். சொன்னார்: "நீங்க சொன்னீங்க சார். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

முதலாளி

ஒரு மாலை முதலாளி கூப்பிட்டார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ நல்லவன்தான்யா. ஆனா நீ வெளக்கம் சொன்னா வர்றவன்லாம் 'யோசிச்சிட்டு வர்றேன்'னு போயிடுறான். நாளையிலேர்ந்து பில் மட்டும் போடு."

ஆகவே நண்பர்களே, கம்ப்யூட்டர் விற்றுப் பிழைக்கிற எண்ணம் இருந்தால் தப்பித் தவறிக்கூட அதைப் பற்றிப் படித்துவிடாதீர்கள்.