செவுள் முளைக்காத மீன்கள்

பாயான் பாரு வீட்டில் அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம் நாளெல்லாம் குமிழி விடுகிறது. மத்தியானத்தில் அந்தச் சத்தத்தோடு கண்ணயர்ந்தால், பாயான் லெப்பாஸ் மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போய்விடுகிறேன்.

அம்மா அங்கே வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் நான் தொட்டிகளுக்கு நடுவே நிற்பேன். எங்கும் உப்பு வாடை. வெளிச்சம் ஊடுருவும் கூரைமேல் விமானத்தின் நிழல் நீந்திப் போகும். கீழே, முட்டையிலிருந்து வெளிவந்து ஓரிரு நாளே ஆன சியாக்காப் என்னும் கொடுவா மீன் குஞ்சுகள். உடம்பெல்லாம் கண்ணாடி, கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாக மிதக்கும்.

"தொட்டியில கைய வெச்ச, செவுள்லயே விடுவேன்."

"இதுங்களுக்குச் செவுள் எங்கம்மா?"

"இன்னும் வரலை லா. இப்போதைக்குத் தோலாலயே மூச்சு வாங்கும். செவுள் வந்தாலும் முதல்ல உப்பத்தான் வெளிய தள்ளும். மூச்சு அப்புறந்தான்."

எனக்கோ அறை வாங்கும் அளவுக்குச் செவுள் இருந்தது. அன்று குளிக்கும்போது வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி, அது திறக்கட்டும் என்று காத்திருந்தேன். தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமி இருமி அழுதேன். ஓடி வந்த அம்மா கையை ஓங்கினாள். பிறகு அதே கையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"உப்பு போவுது பாரு. இனி மூச்சு வந்துரும்."

விழித்துப் பார்த்தேன். அம்மாவின் மூக்குக் குழாய் விலகியிருந்தது. சரிசெய்யக் கை நீட்டினேன்.

"கைய எடு," கண் திறக்காமலே முணுமுணுத்தாள். "செவுள்லயே விடுவேன்."

குனிந்து, என் கன்னத்தை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.