மூடியின் மேல் ஒரு கை

ஃப்ரீசரிலிருந்து எடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பி மேசைமேல் வேர்த்துக்கொண்டிருக்கிறது. ரஞ்சிதா அதன் மூடியில் உள்ளங்கையைக் கவிழ்த்தபடி, போனில் அம்மாவிடம் நெத்திலிக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று வாதாடுகிறாள். யாராவது குப்பியை நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். "வேர்வ காயட்டும். இப்ப தொறந்தா ஈரம் உள்ள பூந்துடும். அப்பால அது மருந்தில்ல, மாவு."

மாமல்லபுரம் சாலையில் இருக்கும் அந்த இறால் நோய் ஆய்வகத்தில், புரதத்தோடு புரதத்தை இணைக்க வேண்டியவர்கள் புதுப்பட்டினத்துக்காரியான இவளிடம்தான் வருவார்கள். தொட்டுவிட்டு விலகும் புரதங்களை, விலகுவதற்குள் கட்டிப்போடும் மருந்துகள் இவள் பொறுப்பு. அவற்றின் நீளமான பெயர்களை இவள் சொல்வதில்லை. இவள் வைத்த பெயர்களே வேறு: குட்டையாகப் பிடிப்பது குட்டக்கை, எட்டிப் பிடிப்பது நீட்டுக்கை, இணைத்த பிறகு வெட்டிவிடக் கூடியதற்கு விவாகரத்து.

போன வாரம் விசாகா வந்தாள். உடன் வேலை செய்பவள், திருவிடந்தைக்காரி. நோய் கண்ட இறாலின் செவுளிலிருந்து எடுத்த சாறு ஒரே ஒரு குழாயில் மிச்சம். பண்ணையைக் காலி செய்துவிட்டார்கள், இனி கிடைக்காது. வைரஸ் இறாலின் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று காட்டாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி அதோடு சரி.

"பலமா ஒட்டறதைக் குடுடி, போதும்."

"ஒட்டிட்டு? பிரிக்க முடியலன்னா ஆரு ஆரு கூட நின்னான்னு எப்டி சொல்லுவ? உனுக்கு விவாகரத்துதான்."

விவாகரத்துக் குப்பியின் வேர்வை காய்ந்தது. மூடியைத் திருகப் போன ரஞ்சிதாவின் கை நின்றது.

"சாறு எதுல கீது?"

"ட்ரிஸ்லதான். எப்பவும் அதுலதானே வெப்போம்."

ரஞ்சிதா மூடியை மறுபடி இறுக்கினாள். அந்த மருந்து புரதத்தின் அமீன் முனைகளைத் தேடிப் பிடிக்கும். ட்ரிஸ் கரைசல் முழுக்க அதே முனைகள். மருந்து அங்கேயே தீர்ந்து, கடைசிக் குழாயும் வீணாகியிருக்கும்.

"இன்னாடி, உங்க ஊரு கோயில்ல தெனம் கல்யாணம் பாக்குறவ நீ. மாப்ளைக்குப் போட வேண்டிய மாலைய பந்தில குந்திகினு கீறவனுக்கெல்லாம் போடுவியா?"

விசாகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தானே சாறை எடுத்து வைத்தவள், தானே கெடுக்கவிருந்தாள். ரஞ்சிதா வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, சாறைச் சவ்வுப் பையில் கட்டி, ட்ரிஸ் மட்டும் வெளியே கசிந்து போக, குளிர் அறையில் அந்த முனைகள் இல்லாத பாஸ்பேட் கரைசலில் மிதக்கவிட்டாள். "சாறு கொஞ்சம் போவும். மீந்தது போதும், வா."

இன்று காலை, மருந்து போட்டு இணைத்த புரதங்களின் படம் வந்தது. வெட்டாத வரிசையில் மேலே ஒரே பட்டை. வெட்டிய வரிசையில் அது கீழிறங்கி இரண்டாக நிற்கிறது: ஒன்று வைரஸுடையது, மற்றது இறாலுடையது. விசாகா அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். ரஞ்சிதாவின் மேசைவரைக்கும் வந்ததும் கண்ணீர்தான் கொட்டியது.

"ஐய, இன்னாடி இது," என்று ரஞ்சிதா ஒரு கையால் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மறுகை தானாகவே மேசைக்குப் போய், வேர்த்துக்கொண்டிருந்த வேறொரு குப்பியைக் கண்ணீர் படாத தூரத்துக்கு நகர்த்தி, அதன் மூடிமேல் கவிழ்ந்தது.