நிழலில் போட்ட ஏல விதை

ஆடி மாதம் திருவனந்தபுரத்தில் தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். உப்பு ஜாடிக்குள் உப்பு தண்ணீராக நிற்கும். நேற்று துடைத்து வைத்த தோல் செருப்பில் இன்று பூஞ்சை படர்ந்திருக்கும். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களோ, "உனக்கென்ன, பச்சைப்பசேல்னு இருக்க ஊருக்குப் போயிட்ட" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம். பச்சை என்பது நாலு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. அதற்குள்ளேயே கிடப்பவர்களுக்கு அது ஈரம், இருட்டு, கொசு. என்னைப்போல் கரிசல் காட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கல்யாணமாகி வந்த புதிதில் வலியசாலையில் வாடகைக்கு இருந்தோம். அங்கே தெருவே தமிழ் பேசும் என்பதால் வேறு ஊருக்கு வந்த உணர்வு அவ்வளவாக இல்லை. கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு வேலை. பிறகு பேரூர்க்கடைக்கு அப்பால், பொன்முடி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இந்தச் சின்ன வீட்டை வாங்கினோம். விலை ஏன் குறைவு என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. பின்னால் இரண்டு பலா, ஓர் அயினி, ஒரு மாமரம். சுற்றிலும் பக்கத்து வீடுகளின் மரங்கள். தரையில் வெயில் விழாது. உச்சி மதியத்திலும் சமையலறையில் லைட்டைப் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும்.

இந்த வீட்டுக்குத்தான் அம்மாவைக் கூட்டி வந்தேன். அப்பா போன பிறகு அவள் விளாத்திகுளத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒற்றையாக இருந்தாள். ஒருநாள் முற்றத்தில் மயங்கி விழுந்தவளை, சாயங்காலம் பால்காரர் வந்து பார்க்கும்வரை யாரும் பார்க்கவில்லை. கேள்விப்பட்ட அன்றே கிளம்பிப் போனேன். நான் ஒரே பிள்ளை. "மழை முடியிற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல இருன்னு சொல்லக் கூடாது" என்று பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டாள். எப்படியாவது அவளை இங்கேயே இருத்திவிட வேண்டும், திரும்பவும் அந்த முற்றத்துக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்பதுதான் அன்று முதல் என் ஒரே கவலை.

அம்மா கையில் துணிமணி அதிகமில்லை. சீலைத் துண்டில் கத்தரி, மிளகாய், கொத்தவரை என்று விதைகளைத்தான் முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஊரில் அவள் கைக்கு ஒரு மதிப்பு உண்டு. மழை இறங்கி விதைப்புக்குப் போகிறவர்கள், "முதல் கை நீ போடு மதினி" என்று வாசலில் வந்து நிற்பார்கள். களையெடுப்பில் அவள்தான் முன்வரிசை. இரண்டு இலை விட்ட நிலையிலேயே பயிர் எது, களை எது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவாள். அந்தக் கையால் போட்ட விதைகள் எங்கள் பலா மரத்தடியில் நூல் நூலாக வெளுத்து எழுந்து, ஒடிந்து விழுந்தன. கொத்தவரை ஒரு சாண் வளர்ந்து வெயிலைத் தேடிச் சுவரில் சாய்ந்து அழுகிப்போனது. அம்மா பாதிச் சோற்றில் எழுந்துவிடும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. "வெயிலில்லாத ஊருல மனுசன் எப்படித் தாயி இருக்கான்?" என்று கேட்பாள். நானே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விதான் அது.

பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி நல்ல மனுஷி. அவருடைய தம்பி பொன்முடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார். ஐப்பசியில் ஒருநாள் மதிலுக்கு மேலாக ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே பழுத்த ஏலக்காய்கள். "இவிட வெயிலில்லல்லோ, காட்டுச் செடி பிடிக்கும். ஏலம் இட்டு நோக்கு" என்றார். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் பொட்டலத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்து, இது நிழலில் வளர்கிற செடி, வேரிலிருந்து திரும்பத் திரும்பக் கிளைத்து வருடக்கணக்காக நிற்கும் என்று மட்டும் சொன்னேன்.

வருடக்கணக்காக என்ற சொல் அம்மாவை என்னவோ செய்திருக்க வேண்டும். சாயங்காலம் நான் வரும்போது ஆளே மாறியிருந்தாள். காயை உரித்து, விதையை அலசி, பால் ஊற்றுகிற வீட்டில் போய்ச் சைகையிலேயே சாணி கேட்டு வாங்கி வந்து கரைத்து, அதில் விதையைப் புரட்டி வைத்திருந்தாள். பருத்தி விதையை ஊரில் அப்படித்தான் செய்வோம். சாணிப்பாலில் புரட்டிச் சுள்ளென்ற வெயிலில் காயவைத்து விதைத்தால் பழுதில்லாமல் முளைக்கும். ஆனால் இங்கே வெயிலுக்கு எங்கே போக? அம்மா விடவில்லை. முழங்கால் வலியோடு மொட்டைமாடி ஏறி, தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் விழுகிறது என்று கண்டுபிடித்தாள். மழை விட்ட நாட்களில் அங்கே பரப்பி, காக்கை கொத்தாமல் காவல் இருந்து, விதையைக் கலகலவென்று காயவைத்த பிறகுதான் மரத்தடியில் சால் பிடித்து வரிசையாகப் போட்டாள். அவள் இவ்வளவு உற்சாகமாக இருந்து பார்த்து நாளாயிற்று என்று நானும் தடுக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒன்று முளைத்தது. மெலிந்த, நீண்ட இலை. பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு. நான்தான் முதலில் பார்த்துக் கத்தினேன். அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஆமா, வந்திருக்கு" என்றாள். அன்று இரவு இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டாள். செடியைச் சுற்றி ஓட்டாஞ்சில்லு நட்டு வைத்தாள். காலையில் நான் கிளம்பும்போது சொம்புத் தண்ணீரோடு அங்கே குந்தியிருப்பாள். ஊருக்குப் போகிற பேச்சு நின்றது. மழையும் முடிந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மார்கழியில் திருவாதிரை வந்தது. பத்து வகைச் செடி சேர்த்துத் தலையில் சூடுவது இங்குள்ள பெண்களின் வழக்கம். அதற்காகத் தேடி வந்த ஓமனச் சேச்சி எங்கள் மரத்தடியில் நின்று, "ஹாய், நிலப்பனை!" என்று சிரித்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சேச்சி, அது ஏலமல்லே?" என்றேன்.

"ஏலமோ? இது நிலப்பனையா மோளே, தானே முளைக்குந்நது. நல்லதா, மருந்நா." பிறகு ஏல விதையை என்ன செய்தோம் என்று விசாரித்தார். சொன்னேன். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஐயோ, உணக்கியோ? ஏலவிதை உணங்ஙியால் பின்னே முளைக்கில்ல."

காயவைத்தால் முளைக்காதாம். தொட்டி மூடியின் மேலேயே எல்லாம் செத்துப்போயிருந்தது. "என்ன சொல்லுதா?" என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள். "ஏலம் நல்லா வந்திருக்காம்" என்றேன். சேச்சி என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, இலையைப் பறிக்காமலே போய்விட்டார். பத்தில் ஒன்று குறைந்துதான் அந்த வருடம் அவருக்குத் திருவாதிரை.

அதற்குப் பிறகு வீட்டில் நான்தான் அந்தச் செடியைப் பற்றி அதிகம் பேசினேன். காய்த்தால் பாயசத்துக்கு ஆகும் என்றேன், கடையில் விற்கிற விலையைச் சொன்னேன். கணவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். பூத்துக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று தினமும் பயத்தோடுதான் பின்பக்கம் போய்ப் பார்ப்பேன். மாசி, பங்குனி என்று நாள் நகர்ந்தது. கோடைமழை இரண்டு பெய்ததும், தரையோடு தரையாக, நட்சத்திரம் போல ஒரு மஞ்சள் பூ பூத்தது.

ஞாயிற்றுக்கிழமை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா செடியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு, களையெடுக்கிற மாதிரியே, அடித்தூரைப் பிடித்து ஒரே இழுப்பு.

"அம்மா! ஏலத்தை ஏன்..."

"போதும் தாயி. பனங்காட்டுல பெறந்தவளுக்கு நெலப்பனை தெரியாதா? ரெண்டு எல விட்டப்பவே தெரியும். அவ வாய்விட்டுப் பேரச் சொன்னப்போ எனக்கு வெளங்கலன்னா நெனச்ச?"

நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பிறகு எதுக்கு இத்தனை நாள் தண்ணி ஊத்துன?"

"நீ சந்தோசப்பட்டுக் கத்துனியே. ஒன் மொகத்துல அப்பிடி ஒரு சிரிப்ப நான் இங்க வந்து அன்னைக்குத்தான் பாத்தேன். சரி, கொஞ்ச நாளு இருப்போம்னு இருந்தேன்." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "நான் போட்டது ஒண்ணே ஒண்ணு மொளச்சு நெலச்சிருந்தாலும் இங்கனயே இருந்திருப்பேன். சத்தியமாத்தான் சொல்லுதேன். எதுவுமே நிக்கலையே தாயி. போடாம மொளச்சது, அவளுக்கு மருந்தா இருக்கலாம். எனக்குக் களைதான். என்னைய ஊருல கொண்டு விட்டுரு."

அன்று நான் அழுதது போல அப்பா செத்தபோதுகூட அழவில்லை. கெஞ்சினேன். திரும்ப விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று சத்தம் போட்டேன். சேச்சியிடம் சொல்லிப் புது விதை வாங்கலாம், ஈரத்தோடு போடலாம் என்றேன். "நீ போடு" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் தம்பானூரில் பஸ் ஏறினோம். நாகர்கோவில் தாண்டும்வரை இரண்டு பக்கமும் தென்னையும் வாழையும் ரப்பருமாக இருட்டிக்கொண்டே வந்தது. அம்மா கண்ணை மூடியே இருந்தாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. மலை பின்னால் போயிற்று. முன்னால் வெட்டவெளியும், அதன் தலைக்கு மேல் சித்திரை வெயிலும். அம்மா விழித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, மூஞ்சி முழுக்க வெயிலை வாங்கிக்கொண்டாள். அவள் சிரித்ததைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு அது.

எனக்குக் கண் கூசியது. தலை விண்விண்ணென்று தெறித்தது. தோல் எரிந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. என்னை அறியாமலே கையை நீட்டி ஷட்டரை இறக்கினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன் சீலைத் தலைப்பை விரித்து என் முகத்தின் மேல் போட்டுவிட்டு, ஷட்டரைத் தூக்கிவிட்டாள்.